கடைசி வாங்கில் அதிபர்

என் சித்திதான் எங்கள் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பெருமையாக இருந்திருக்க வேண்டும், வெட்கம்தான் மிஞ்சியது. வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கிறவள், வகுப்புக்கு வந்தால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையோடுதான் கதைப்பாள். பின்னால் நாங்கள் சந்தை கூட்டுவோம். பள்ளிக்கூடத்தில் முன்பிருந்த அதிபர் வாசலில் நின்று எங்களை விட்டுவிட்டுச் சித்தியை ஏசுவார். அடுத்த நாள் அவள் குரல் இன்னும் உள்ளே போய்விடும்.

அந்த வருடம் புதிதாக ஒரு பெண் அதிபர் வந்தார். அவர் வகுப்பில் வந்திருந்து பாடம் பார்க்கப் போகிறார் என்று தெரிந்த அன்று, எங்கள் லிங்கநகர் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சித்தி அழுதாள்.

"என்னால ஏலாது அக்கா. நாளைக்கும் ஏச்சு வாங்கினா வேலையை விட்டிடுவன்."

அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா என்று அம்மா பதறினாள். சித்தி விட்டுவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் அதிபர் வந்தார். நாங்கள் இழுத்துப்போட்ட கதிரையில் அவர் இருக்கவில்லை. நேரே நான் இருந்த கடைசி வாங்குக்கு வந்து, துறைமுகம் தெரியும் ஜன்னல் பக்கமாக என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுத் தானும் இருந்தார். சித்தி பின்னம் எழுதத் தொடங்கினாள். வெண்கட்டி முறிந்து விழுந்தது. அப்போது என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், எனக்கு விளங்கேல்லை. நாலைவிட எட்டுத்தானே பெரிசு? பிறகு எட்டில ஒரு பங்கு எப்பிடிச் சின்னனாகும்?"

வகுப்பே அதிபரைத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் அதே சந்தேகம்தான், கேட்கப் பயம். சித்தி திரும்பினாள். ஒரு பாரை மீனை நாலு வீட்டுக்கு வெட்டினால் எவ்வளவு, எட்டு வீட்டுக்கு வெட்டினால் எவ்வளவு என்று வீட்டுக் குரலிலேயே சொல்லத் தொடங்கினாள். ஆளாளுக்குக் கை உயர்த்தினோம். வால் துண்டு யாருக்கு என்று சண்டைகூட வந்தது. வகுப்பில் சித்தி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மணி அடித்ததும் அவள் ஏச்சுக்காகக் காத்து நின்றாள்.

"நாளைக்கும் வாறன் டீச்சர். இன்னும் கொஞ்சம் விளங்க வேணும்" என்றுவிட்டு அதிபர் போய்விட்டார்.

எனக்கு அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய பதவி, பின்னம் தெரியவில்லையே! பின்னேரம் வீட்டில் அதைச் சொன்னேன். சித்தி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் வெருகல் பக்கம் பெரிய வகுப்புகளுக்கு வருடக்கணக்காகக் கணக்குப் படிப்பித்தவர் என்றாள் அம்மா. வேலையை விடும் கதையை அதற்குப் பிறகு சித்தி எடுக்கவேயில்லை.

எனக்குத்தான் குழப்பம் தீரவில்லை. வயது போனால் படித்ததெல்லாம் மறந்துவிடும்போல என்று முடிவுகட்டினேன். அடுத்த நாள் அவர் வந்து இருந்ததும், பார்த்து எழுதட்டும் என்று என் கொப்பியை அவர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.