அக்கா நிறைத்த கேக் போத்தல்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்தத் திவசத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் அவரைப் பற்றி எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் தங்கையாகிய நான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டு எழுதியது.

மாவனல்லைக்கு மேலே மலையேறும் பாதையில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில்தான் அக்கா பிறந்தார். அப்பா பால் வெட்டும் தொழிலாளி. நான் நடை பழகும் முன்பே எங்கள் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அக்கா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை எல்லாம் பார்த்தார். வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து, அப்பாவோடு பால் வெட்டப் போனார். தனக்குக் கிடைக்காத வகுப்புகள் எல்லாம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மழை நாளில் நான் வீட்டில் நின்றுவிடப் பார்த்தால், தன் தலையில் இருந்த சாக்கை எடுத்து என் தலையில் போட்டு, "கரைஞ்சு போறதுக்கு நீ என்ன சீனியா? கிளம்பு" என்று துரத்திவிடுவார்.

அதே தோட்டத்தில் நல்ல மனிதர் ஒருவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்த காலம். சித்திரை மாதத்து ஒரு பின்னேரம், விறகு பொறுக்கப் போன அத்தான் இடி விழுந்து அங்கேயே இறந்துபோனார். உடலைக் கொண்டு வந்தவர்கள் அவர் சுமந்து வந்த விறகுக் கட்டையும் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள். அந்த விறகை அக்கா கடைசிவரை அடுப்பில் வைக்கவில்லை.

அடுத்த வருடம், தொண்ணூற்று மூன்றில், அக்கா லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. போகும் காலையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்னைய ஞாபகப்படுத்தி வளர்க்கணும்னு சொல்லமாட்டேன். பசிக்காம வளத்துரு. அது போதும்."

அக்கா வேலை செய்தது ஒரு கிறிஸ்தவ வீட்டில். அந்த வீட்டு வயதான அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நத்தார்ப் பண்டிகை வருவதற்கு முன் கண்ணாடிப் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, கேக் செய்யத் தேவையான மாவு, சீனி, கொக்கோ, முந்திரிகைப் பழ வத்தல் எல்லாவற்றையும் அளந்து அடுக்கடுக்காகப் போட்டு, மூடியில் துணி கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பரிசாகக் கொடுப்பார். வாங்கியவர்கள் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துக் கலக்கி வேகவைத்தால் கேக். போத்தல் நிறைக்கும் வேலையில் அக்கா அவருக்குத் துணை. ஒரு வருடம் அந்த அம்மா அக்காவின் கையிலும் ஒன்றைக் கொடுத்து, "இது உன் பிள்ளைக்கு" என்றாராம். லெபனானிலிருந்து எங்கள் மாவட்டத்துத் தெரணியகலைக்குத் திரும்பி வந்த ஒரு பெண்ணிடம் அக்கா அதைக் கொடுத்து அனுப்பினார். கூடவே தன் குரலைப் பதிந்து ஒரு கசெட்டும் வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் கசெட் போடும் ரேடியோவை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டோம்.

"தங்கச்சி, எல்லாம் அளவாப் போட்டிருக்கு. ரெண்டு முட்டையும் மார்ஜரினும் போட்டுக் கலக்கு. அவென் இல்லையேன்னு யோசிக்காத. பெரிய சட்டியில மணலப் போட்டுச் சூடாக்கி, அதுக்குள்ள கேக் தகரத்த வை. மூடி மேல தேங்கா செரட்டத் தணலப் போடு. பிள்ளையோட பொறந்த நாளுக்குச் செய். கண்ணு, அம்மா பேசுறேன். கேக்குதா?"

பிள்ளை ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செய்த முதல் கேக் அடியில் கருகி நடுவில் வேகாமல் இருந்தது. பிள்ளை அதையும் விடாமல் தின்றாள். அதற்குப் பிறகு யார் ஊருக்கு வந்தாலும் அக்காவிடமிருந்து ஒரு போத்தல் வரும். என் கையும் பழகிவிட்டது. பிள்ளை என்னைத்தான் "அம்மா" என்று கூப்பிட்டாள். அக்காவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். "போத்தல் அம்மா."

இரண்டு முறை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு, ஆறு வருடம் கழித்து அக்கா திரும்பி வந்தார். முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்துப் பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் அவளை முன்னால் இழுத்து, "இதுதான்டி உங்கம்மா, போ" என்றேன். அவள் நகரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப உங்கள எப்பிடிக் கூப்பிடுறது?" என்று கேட்டாள்.

அக்காதான் குனிந்து அவள் தலையைத் தொட்டுச் சொன்னார்:

"என்னையப் பெரியம்மான்னு கூப்பிடு சாமி. மத்தது வாய்க்கு வர்றப்ப வரட்டும்."

அப்படியே பெரியம்மா என்றானது. பிள்ளைக்கு எல்லாம் தெரியும். பெற்றவர் யார், வளர்த்தவர் யார் என்பதை நாங்கள் மறைத்ததே இல்லை. நான் எத்தனையோ முறை அவளைத் திருத்தப் பார்த்தேன். "பிள்ளைய வற்புறுத்தாத" என்று அக்கா என்னைத்தான் அதட்டுவார். ஆனால் அடுத்த காம்பராப் பிள்ளைகள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவரும்போது அக்கா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கணம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வரிசை வீடுகளாகக் கட்டிய எங்கள் லயங்களில் அப்போது பல வீடுகளில் அம்மாமார் வெளிநாட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் அப்பாவிடமோ, அப்பாவின் அம்மாவான அப்பாயியிடமோ வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் வந்தால், அக்கா ஒரு போத்தலை நிறைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று, "உங்கம்மா அனுப்பியிருக்கு" என்று பிள்ளையின் கையில் கொடுப்பார். மாவனல்லையில் சாமான் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் காலியான ஜாம் போத்தல்களை அக்காவுக்கென்று சேர்த்து வைப்பார். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு மாவு சீக்கிரம் கட்டிப் பிடித்துவிடும். அதனால் அக்கா வெயில் அடிக்கும் நாளைப் பார்த்திருந்து மாவைக் காயவைத்து, அரித்து, போத்தலை அடுப்புக்கு மேலே கவிழ்த்து நன்றாக உலர்த்திய பிறகுதான் நிறைப்பார். வெள்ளை, மண்ணிறம், வெள்ளை என்று அடுக்குகள் கலந்துவிடாமல் கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்குவது அவர் மகளின் வேலை. இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் போட, மற்றவர் அமுக்குவார். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒருமுறை குவைத்தில் இருந்த ஒரு தாய் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டார். பேசும்போதே அழுகை. "நான் ஒண்ணும் அனுப்பலையே அக்கா. அம்மா கேக் அனுப்புச்சுன்னு பிள்ள சொல்றானே, நான் என்ன பதில் சொல்ல?"

"நீ அனுப்புனதுதான்" என்றார் அக்கா. "உனக்கு அங்க நேரமில்ல, நான் இங்கேருந்து கொண்டுபோய்க் குடுத்தேன். நல்லா இருந்துச்சான்னு பிள்ளகிட்ட கேளு, அது போதும்."

இப்படி இருந்தவருக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. வலியை மறைத்து மறைத்து வேலைக்குப் போயிருக்கிறார். எங்களுக்குத் தெரிய வந்தபோது முற்றியிருந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். தலைமுடி எல்லாம் உதிர்ந்தது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், மகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு போத்தல் நிறைத்தார். வார்டில் தன்னைக் கவனித்த தாதிக்கு ஒன்று. பக்கத்துக் கட்டிலில் இருந்த கேகாலைச் சிங்கள அம்மாவின் பேரனுக்கு ஒன்று.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. மகளும் கூட வந்திருந்த ஒருமுறை, கொழும்புக்குள் நுழையும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அக்காவால் நிற்க முடியவில்லை. மகளின் தோளில் சாய்ந்துகொண்டார். அடையாள அட்டைகளைப் பார்த்த பொலிஸ் பெண் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு போத்தல், இரண்டிலும் அடுக்கடுக்காகத் தூள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. துப்பாக்கியோடு நின்ற ஒருவர் பக்கத்தில் வந்தார். சுற்றி நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"மே மொனவத?" இது என்ன என்று கேட்டார் அந்தப் பெண்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் எனக்கு முந்தி மகள்தான் பேசினாள். கேக் மாவு என்றாள். மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னாள். எப்படிக் கலக்க வேண்டும், எப்படி மணலில் வேகவைக்க வேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினாள். அந்தப் பெண் மோந்து பார்த்துவிட்டு, நம்பாதவர் போல மறுபடி கேட்டார்:

"கவுத ஹெதுவே?" யார் செய்தது?

மகள் தன் தோளில் சாய்ந்திருந்தவரின் கையைப் பிடித்து முன்னால் காட்டிச் சொன்னாள்:

"மகே அம்மா."

என் அம்மா. சிங்களத்திலும் அந்தச் சொல் அதேதான்.

அந்தப் பெண் அக்காவின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். போத்தலை மூடிப் பையில் வைத்து, எங்களைப் போகச் சொன்னார்.

பஸ் புறப்பட்டு வெகுதூரம் போகும்வரை அக்கா கண்ணைத் திறக்கவில்லை. மயங்கிவிட்டாரோ என்று நான் பயந்துபோனேன். பிறகு என் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பொம்பள யாரு செஞ்சதுன்னு இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்."

முன் இருக்கையிலிருந்து மகள் திரும்பி, "தண்ணி வேணுமா பெரியம்மா?" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அடுத்த முறை டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஒரு பகல் வேளையில், அப்பா கால்மாட்டிலும் நான் தலைமாட்டிலும் இருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆள் அனுப்பிக் கூட்டி வந்தோம். மலைப் பாதையில் ஓடி வந்தவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே அக்காவின் மீது விழுந்து கத்தினாள். எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொன்னாளோ, தெரியாது. லயத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. அக்காவுக்குத்தான் கேட்கவில்லை. என் நெஞ்சில் ஆறாதது இது ஒன்றுதான்.

நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. பஸ்ஸில் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், தன் வீட்டு நோயாளியைப் போல அவரைத் துடைத்துக் கவனித்த தாதிக்கும், சாவுச் செய்தி கேட்டுப் பஸ் ஏறி வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுத கேகாலை அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடையை மூடிவிட்டு மயானம் போகும்வரை கூட நடந்த மாவனல்லை நானாவையும், குழி வெட்டிய, பாடைத் தேர் கட்டிய, தப்படித்த எங்கள் தோட்டத்து அண்ணன் தம்பிகளையும் மறக்க மாட்டோம். துக்கம் காத்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு கொண்டு வந்து தந்த லயத்துப் பெண்களுக்குக் கைகூப்புகிறோம்.

கடைசியாக, அக்காவின் கையால் கேக் போத்தல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மா ஒரு நாள் திரும்பி வருவார். முகம் மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும், உங்களுக்கு யாரோபோல இருக்கும். வெட்கப்பட்டு நிற்காதீர்கள். யார் சேலைக்குப் பின்னாலும் ஒளியாதீர்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்பா, மகள், குடும்பத்தார் சார்பில்,
தங்கை