மணியம்மாள் அவசரப்பட்ட நாள்

மணியம்மாளைப் போல ஒரு மந்தமான பெண்பிள்ளையை நான் கண்டதே இல்லை. புதூர்நாட்டு மலையில் நான் நர்ஸாக இருந்த நாலு வருஷமும் அவளால் எனக்கு ஏறிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னால், சாமைக் கொல்லையில் களை எடுத்து முடித்துவிட்டுத்தான் வருவாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிடலாம். என் வயதுதான், முப்பத்திரண்டு. ஆனால் சுற்றுப்பட்டில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் கொடுத்து அரசாங்கம் என்னை அனுப்பியிருக்கிறதே, அந்த ஞாபகம் அப்புறம்தான் வரும். வயிறு எரியுமா, எரியாதா?

எழுபத்தொன்பது, மாசி மாதம். வடிவுக்குத் தலைப்பிரசவம். முந்தின நாள் சாயங்காலமே வலி கண்டிருக்கிறது. எனக்கு ஆள் வந்தது மறுநாள் காலையில். போய்ப் பார்த்தால், மணியம்மாள் வடிவின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, கொல்லையில் பன்றி புகுந்த கதையைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வடிவும் வலிக்கு நடுவில் சிரிக்கிறாள்!

மதியம் இரண்டு மணி ஆயிற்று. குழந்தையின் துடிப்பு நன்றாகத்தான் இருந்தது, தாயும் தெம்பாகத்தான் இருந்தாள். பொறுக்க முடியாதது எனக்குத்தான். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்து, வடிவின் புருஷன் அர்ச்சுனனை டோலி கட்டச் சொன்னேன். மூங்கிலில் போர்வையைக் கட்டி ரோடுவரை தூக்கிப்போனால், நாலு மணிக்கு ராஜாக்கண்ணுவின் ஜீப் புறப்படும். அதை விட்டால் மறுநாள்தான்.

கட்டி முடித்தார்கள். நான் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் வீடே மாறிக் கிடந்தது. சாமை மூட்டைகள் எல்லாம் வாய் திறந்திருந்தன. கயிறில்லாத கன்றுக்குட்டி உள்ளே வந்து என் பையை நக்கிக்கொண்டிருந்தது. பையின் வார்கூட அவிழ்ந்திருந்தது. டோலியைப் பார்த்தால், போர்வை ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம்.

"அடிப்பாவி, இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"அவுத்துட்டேங்க," என்றாள் மணியம்மாள். "புள்ள வர்ற வூட்ல ஒரு முடிச்சும் இருக்கக் கூடாதுங்க."

"இவளத் தூக்கினு போவக் கட்டுன டோலிம்மா அது!"

"முடிச்சு முடிச்சுதானுங்களே. இன்னா அவசரம் நர்ஸம்மா? புள்ள இன்னா, பஸ்ஸா புடிக்கப் போவுது?"

தொண்டை கிழியக் கத்தினேன். அர்ச்சுனன் அரண்டுபோய் மறுபடியும் கட்ட உட்கார்ந்தான். இரண்டாவது முடிச்சைப் போடும்போது வடிவுக்குப் பனிக்குடம் உடைந்தது. மூன்று மணிக்கெல்லாம் பெண் குழந்தை பிறந்து வீல் என்று அழுதது. அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

ஏனென்றால் குழந்தைக்குப் பின்னால் வரவேண்டிய நஞ்சு விழவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி. கொடியை இழுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? பயிற்சியில் முதல் மாதமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. இழுத்தால் கருப்பையே கூட வந்துவிடும், ரத்தம் போய்த் தாய் செத்துப்போவாள். ஆனால் ரோட்டில் ராஜாக்கண்ணு ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டான். ஜீப் போய், அப்புறம் இவளுக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தால் இந்த மலையில் நான் யாரைப் போய்க் கூப்பிடுவது? லேசாகத்தானே, ஒரே ஒரு தரம்தானே என்று கொடியை விரலில் சுற்றினேன்.

"உடு கைய! இழுக்காத!"

அத்தனை வேகமாக மணியம்மாள் பாய்ந்து நான் பார்த்ததில்லை. மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் விரல்களைப் பிரித்தெடுத்துத் தள்ளிய தள்ளில் நான் சுவரோடு போய் விழுந்தேன்.

"ஜீப்பு பூடும்டி!"

"போவட்டும்."

குழந்தையை எடுத்து வடிவின் மாரில் போட்டாள். பிறகு பழையபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஹாரன் நின்றது, ஜீப் இறங்கிப் போகிற சத்தம் வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆத்திரத்தில் நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். குழந்தை சப்புக்கொட்டிப் பால் குடித்தது. இன்னும் கால் மணி கழித்து வடிவு லேசாக முனகினாள். நஞ்சு தானாக, முழுசாக வந்து விழுந்தது. ரத்தமும் அடங்கிவிட்டது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். மணியம்மாள் தண்ணீர் ஊற்றினாள். நான் விடுவேனா?

"அடிக்கிற மாதிரி வந்தியே, படிச்சவ நானா நீயா? உனுக்கு இன்னா தெரியும்?"

அவள் வழக்கம்போல நிதானமாகக் குனிந்தாள். இன்னொரு சொம்பு மொண்டாள்.

"எங்கக்கா முத்தம்மாவுக்கு இப்டித்தாங்க, நஞ்சு வுழல. எனக்கு அப்பப் பதினாறு வயசு. சும்மா குந்தினு இருக்க முடியலீங்க. நாந்தான் இழுத்தேன்."

கழுவிய கையையே மறுபடியும் நீட்டினேன்.

"அதுக்கப்புறம் இன்னிக்குத்தாங்க அவசரப்பட்டேன்," என்றாள். "தள்ளி வுட்டதுக்குக் கோச்சுக்காதீங்க நர்ஸம்மா."