பேரையூரில் வந்த வெள்ளம்

பேரையூர்ப் பக்கம் வெள்ளம் வந்ததாகச் சொன்னால் கைக்குழந்தைகூடச் சிரிக்கும். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தூறினாலே ஜனங்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கிற பூமி அது. அந்தப் பக்கத்துப் பெண்ணான சத்யப்ரியா, மதுரையில் நேர்முகத் தேர்வு நடந்த அறையில் நான்கு அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தன் ஊரை வெள்ளம் சூழ்ந்த கதையைச் சொன்னாள்.

அந்த யோசனையைக் கொடுத்த புண்ணியவான் அசோக்குமார். செல்லூரில் தறி ஓடும் ஒரு கட்டடத்தின் மாடியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறார். தான் போன நேர்முகத்தில் எல்லாம் ஊற்றிக்கொண்டு வந்தவர், அந்த அனுபவத்தையே முதலாகப் போட்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார். கீழே தறிச் சத்தம், மேலே இவர் சத்தம். கீழே நாள் முடிந்தால் சேலையாவது மிஞ்சும்.

சத்யப்ரியா எழுதியது கூட்டுறவுச் சங்க உதவியாளர் வேலைக்கு. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டது. நேர்முகம் மட்டும்தான் பாக்கி. அப்பா இல்லாத வீடு. வேலை கிடைத்தால் அம்மா செல்லத்தாய் பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போவதை நிறுத்தலாம். கிடைக்காவிட்டால், மாமா மொக்கைச்சாமி பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாப்பிள்ளையைப் பற்றி மாமா சொன்ன ஒரே சிறப்பு, அவருக்கு எந்த அவசரமும் இல்லை என்பது.

“இங்க பாரு தங்கச்சி, ஏன் இந்த வேலைக்கு வாரன்னு கேப்பாக,” என்றார் அசோக்குமார். “சின்ன வயசுல ஊர்ல வெள்ளம், கலெக்டர் முழங்கால் தண்ணியில நடந்து வந்தாரு, அன்னைக்கே மக்கள் சேவைதான்னு முடிவு பண்ணிட்டேன்னு அடிச்சு விடு. கண்ணுல லேசாத் தண்ணி நிக்கணும்.”

“எங்க ஊருக்கு வெள்ளமே வராதே சார்.”

“அது அவுகளுக்குத் தெரியுமாக்கும்? அப்புறம், அம்மா கூலி வேலைன்னு சொல்லிறாத. விவசாயம்னு சொல்லு. கெத்தா இருக்கும்.”

நேர்முக நாளில் அவளுக்கு முன்னால் உள்ளே போனவர்களில் பாதிப் பேர் அதே மாடிப்படி ஏறியவர்கள். அதைப் பார்த்தாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

“சின்ன வயசுல எங்க ஊர்ல ஒரு பெரிய வெள்ளம் வந்துச்சு சார்,” என்று அவள் தொடங்கியதும் ஓரத்தில் இருந்த அதிகாரி, “கலெக்டர் நடந்து வந்தாரா?” என்று கேட்டார்.

“ஆமா சார். முழங்கால் தண்ணியில.”

“முன்னாடி வந்த பொண்ணு இடுப்பளவுன்னு சொல்லுச்சே. நீங்க எந்த ஊரும்மா?”

“பேரையூர்ப் பக்கம் சார்.”

நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது வாஸ்தவம், அவர்கள் கண்ணில். சிரிப்பு அடங்கிய பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். விவசாயம் என்றாள். எத்தனை ஏக்கர் என்றார்கள். இரண்டு என்று வாயில் வந்ததைச் சொன்னாள். தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை.

இழவு கேட்க வருவதுபோல் சொந்தபந்தம் வந்தது. “பத்துப் பேருட்ட சொல்லி வச்சிருந்தேனே, இப்ப எம் மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறது?” என்று கேட்டுவிட்டு மொக்கைச்சாமி இரண்டாவது டீயையும் வாங்கிக் குடித்தார். அவர் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஊருக்கு நஷ்டமில்லை. “மாப்ள வீட்டுக்குச் சொல்லிறவா?” என்றார்.

“இன்னொரு தடவ எழுதுறேன் மாமா. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீக.”

செல்லூருக்குப் போய் அசோக்குமாரிடமும் கேட்டாள். “கதை நல்ல கதைதான், நீ சொன்ன விதம் சரியில்ல,” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். அடுத்த வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது என்ற தகவலும் கொடுத்தார். திருமங்கலம் தாண்டும்வரை பஸ்ஸில் அவரை மனசாரத் திட்டிக்கொண்டே வந்தாள். அதற்குமேல் திட்ட முடியவில்லை. அவர் சொல்லிக் கொடுத்தார், சரி, சொன்ன வாய் யாருடையது? வெள்ளத்தைக்கூட விட்டுவிடலாம். காய்த்துப்போன கையோடு இத்தனை வருஷம் சோறு போட்ட அம்மாவை, நிலம் வைத்திருப்பவளாக வேஷம் கட்டியதை நினைத்தால் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்த வாரம் செல்லத்தாய் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனாள். ஆட்டுக் கடன் கேட்டிருந்தாள், அது என்ன ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும். சத்யப்ரியாவும் கூடப் போனாள். மின்விசிறிக்கு நேர் கீழே எழுத்தர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரே ஒரு நாற்காலி, அதில் அவருடைய ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது.

“ஏத்தா, அங்கிட்டு நில்லு. காத்த மறைக்காத,” என்றார்.

சத்யப்ரியா ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். “உக்காரும்மா.”

செல்லத்தாய் எழுத்தரைப் பார்த்தாள். “வேணாந்தா, நிக்கிறேன்,” என்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். எழுத்தர் எழுந்து வந்து, ஹெல்மெட் துரையைத் துடைத்து, பழையபடி நாற்காலியில் வைத்தார். சின்ன வயதிலிருந்து சத்யப்ரியா பார்த்த காட்சிதான் அது. அதைப் போய் ஓர் அதிகாரியிடம் சொல்லலாம் என்று இதுநாள்வரை தோன்றியதில்லை.

மறுபடி எழுதினாள். மறுபடி நேர்முகம். இந்த முறை மாடிப்படி ஏறவில்லை. வேலை கிடைத்தது, ஆனால் உண்மை பேசியதற்குப் பரிசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெள்ளக் கதைக்குப் போட்டதைவிட நேர்முகத்தில் ஒரு மதிப்பெண் குறைத்துத்தான் போட்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வில் போன தடவையைவிடக் கூடுதலாக வாங்கியது காப்பாற்றியது. அறைக்குள் நடந்தது இவ்வளவுதான்.

“அம்மா என்ன செய்றாங்க?”

“கூலி வேலை சார். பருத்தி எடுக்கப் போறாங்க.”

“ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க?”

“எங்க ஊர்ச் சங்கத்துல எங்கம்மாவ நிக்க வச்சே பேசுறாரு சார் ஒருத்தரு. அந்த மாதிரி எடத்துல நான் இருக்கணும்.”

நடுவில் இருந்தவருக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப பழி வாங்குறதுக்கு கவர்மெண்ட் வேலை கேக்குறீங்க?”

“இல்ல சார். வாரவங்கள உக்காரச் சொல்ல.”