பைலியின் சீட்டுகள்

அறுப்பதற்கு முன் தச்சர் பைலி தரையில் குப்புறப் படுத்துவிடுவார். கன்னத்தைப் பலகையில் ஒட்டவைத்து, விரல் கணுவால் தட்டிக்கொண்டே ஊர்வார். பொத்தென்று கேட்டால் அடியில் வெற்றிடம். திண்ணென்று கேட்டால் விட்டம். விட்டம் அகப்பட்ட இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. பென்சிலைத் தொடமாட்டார். "அழிச்சாலும் தேக்கு மறக்காது" என்பார்.

ஃபோர்ட் கொச்சியின் பழைய மாடி வீடுகளில் குழாயெல்லாம் தேக்குத் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. கெட்டுப்போனால் தரையை உடைக்க வேண்டும். உடைக்காமல் திறந்து மூட ஒரு மூடி வெட்டித் தருவார் பைலி. வெட்டிய பலகைகளுக்கே அடியில் எண் போட்டு, குறுக்குச் சட்டத்தில் பூட்டி மூடியாக்குவார். ரேகையோடு ரேகை சேரும். தூக்குவதற்கான பித்தளை வளையம் பள்ளத்துக்குள் படுத்துக் கிடக்கும். வீட்டுக்காரர்களே காலால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் சீட்டுகள் இருக்கும். மாலையில் அவர் ஆடுவது ஐம்பத்தாறு என்ற சீட்டாட்டம். அந்த ஆட்டத்துக்குச் சின்ன எண் சீட்டுகள் ஆகாது. ஆகாதவை பைக்குள் வந்துவிடும். மூடிக்கும் தரைக்கும் நடுவே எத்தனை சீட்டு நுழைகிறது என்பதே அவர் கணக்கு. மேட மாத வெயிலில் வெட்டினால் பக்கத்துக்கு ஐந்து; கர்க்கடக மழையில் வெட்டினால் ஒன்று. வெயிலில் விட்ட ஐந்தில் நாலை, மழையில் ஊறிப் பருக்கும் பலகை தின்றுவிடும்.

ஆட்டத்தில் தோற்றவன் காதில் குணுக்கு மாட்டவேண்டும்: சுருட்டிய பலா இலை, கோக்க ஓர் ஈர்க்கு. மற்றவர்கள் எழுந்ததும் பிய்த்து எறிவார்கள். பைலி அதோடுதான் வீட்டுக்குப் போவார்.

"யாரு தப்பா ஆடுனது, நீங்களா, கூட்டாளியா?" என்பாள் மனைவி ரோசிலி.

"காது என்னோடதுதானேடி."

போன மேடத்தில் ட்ரீசா டீச்சர் வீட்டு மாடியில் வேலை. தொட்டித் தண்ணீரை நிறுத்தும் வால்வு அந்தத் தரைக்கு அடியில். அதற்கு நேர் கீழே, அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பியானோ. மூடியைப் பொருத்தியதும் டீச்சர் குனிந்து பார்த்தார்.

"பைலி சேட்டா, இது தரையா, சீப்பா?"

"மழை வரட்டும் டீச்சரே. ஒரு முடி நுழையாது."

"அதுவரைக்கும் வர்றவங்க எல்லாம் பார்த்துச் சிரிக்கவா? ரெண்டு சீட்டு போதும்."

"அஞ்சு. உங்க பியானோவுல கட்டைக்குக் கட்டை சந்து இல்லியா? அதை அடைச்சிட்டு வாசிங்க பாப்போம்."

"என் பியானோவைப் பத்திப் பேச வந்துட்டாரு. மட்டாஞ்சேரில ஒரு ஆளு சந்தே இல்லாமப் போடறேங்கறான். கூப்பிடட்டுமா?"

பைலி செருகியிருந்த சீட்டுகளை உருவினார். மூன்று சீட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூடியை எடுத்துவிட்டு, வெட்டின ஓரத்தில் மெல்லிய சட்டம் ஒட்டி, இரண்டு சீட்டுக்கு இழைத்து முடித்தார். டீச்சர் அதன்மேல் நடந்து பார்த்துச் சிரித்தார்.

கர்க்கடகம் பிறந்து பத்தாம் நாள் வால்வுக்குப் பக்கத்தில் குழாய் விட்டுக்கொண்டு, தண்ணீர் கீழே பியானோமேல் கொட்டியது. டீச்சர் வளையத்தைப் பிடித்து இழுத்தார். திருகாணியோடு வளையம் கையில் வந்தது, மூடி அசையவில்லை.

பைலி நனைந்தபடி ஓடிவந்தார். படுத்து, ஒரு சீட்டைச் செருகிப் பார்த்தார். முனைகூட இறங்கவில்லை. கீழே யாரோ பியானோவை நகர்த்த முடியாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். உளியை எடுத்தவர், ரேகைக்கு ரேகை தாம் சேர்த்திருந்த நடுப்பலகையின் மேல் வைத்து ஒரு கணம் நின்றார். பிறகு அடித்தார். நான்காவது அடியில் பலகை பிளந்தது. கையை உள்ளே விட்டு வால்வைத் திருகினார்.

கீழே டீச்சர் பியானோவைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தார். இடது ஓரத்தில் உள்ளே போன நாலு கட்டை எழவில்லை.

"நான்தான் சேட்டா பிடிவாதம் பிடிச்சேன்" என்றார்.

"கேட்டது நீங்க. வெட்டினது நான்."

பைலி முற்றத்தில் இறங்கினார். மழையில் விழுந்துகிடந்த பலா இலை ஒன்றைப் பொறுக்கி, சுருட்டி, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கால் கோத்து வலது காதில் மாட்டிக்கொண்டார். மாடியேறி, பல்லிடுக்கில் ஒரே ஒரு சீட்டைக் கவ்வியபடி, மறுபடியும் தரையில் குப்புறப் படுத்தார்.