கயிறு இறுகிய இடம்

என் சைக்கிளின் பிரேம் ஸ்டீல். மாவட்ட நிருபராக இருந்தபோது வாங்கினேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், சைக்கிள் பெறவில்லை. பச்சை நிறம். பாரின் அடியில் ஒரு சிறு நெளிவு. பின்சக்கரத்தைத் தாங்கும் வலது தண்டில், பித்தளையை உருக்கி ஒட்டிய தழும்பு.

அந்தத் தழும்பு செங்கத்தில் வந்தது. ஜவ்வாது மலையைக் கடந்து தெற்கே இறங்கிக்கொண்டிருந்தபோது தண்டு பிளந்துவிட்டது. திடீரென்று பிளக்கவில்லை. முதலில் பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தது. பிறகு ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் முனகல் கேட்டது. அதன் பிறகுதான் பிளவு. ஜன்னலுக்குக் கிரில் செய்யும் பட்டறை ஒன்று திறந்திருந்தது. சைக்கிளை அதுவரை ஒட்டியதில்லை என்று பட்டறைக்காரர் சொன்னார். ஆனால் இரும்பு இரும்புதானே என்று கேஸைப் பற்றவைத்தார். நான் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. அன்றே கண்ணமங்கலத்தில் இருக்கும் என் வீடு வரை ஓட்டி வந்தேன். இன்றும் அந்த இடம் விடவில்லை.

நடுவில் கொஞ்ச காலம் அலுமினிய சைக்கிளும் வைத்திருந்தேன். குறை சொல்ல முடியாது. எடை குறைவு, துரு கிடையாது, மிதித்தவுடன் பாயும். ஆனால் அலுமினியக் குழாயைப் பெருத்ததாகச் செய்தால்தான் அது தாங்கும். பெருத்த குழாய் வளைந்து கொடுக்காது. அமிர்தியைத் தாண்டி மேலே போகும் சாலையில் தார் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடமும் என் மணிக்கட்டில் வந்து பதிவானது. ஸ்டீல் குழாய் ஒல்லியானது. குழியில் விழுந்தால் லேசாக வளையும், உடனே பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு அளவுக்குள் இருக்கும்வரை எத்தனை முறை வளைந்தாலும் அதற்குக் களைப்புத் தட்டாது. அலுமினியம் அப்படியல்ல, சின்னச் சின்னக் குலுக்கலையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். இது என் ரசனையைப் பற்றிய பேச்சு இல்லை. உலோகத்தைப் பற்றிப் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஸ்டீலுக்கு இரண்டு குறைகள் உண்டு. கனம், துரு. கனத்தை நான் மிதித்துச் சமாளிக்கிறேன். துருவுக்கு எண்ணெயும் கிரீஸும் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை சீட்டுக் கம்பியை உருவி, கிரீஸ் தடவித் திரும்பப் பொருத்துகிறேன். அதைச் செய்யாதவர்களின் சைக்கிளில் கம்பி உள்ளேயே பிடித்துக்கொள்ளும். பிறகு எந்த ஸ்பேனருக்கும் அசையாது.

கார்பனைப் பற்றி இவ்வளவு உறுதியாக நான் எதுவும் சொன்னதில்லை, நண்பர் ஒருவர் அதை வாங்கும்வரை.

நண்பருக்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரம். ஏற்றுமதி பற்றிய செய்திக்காக அவரைப் பேட்டி எடுக்கப் போனேன். அறை மூலையில் ஒரு சைக்கிள் நின்றது. அதைப் பற்றிக் கேட்டேன், அதோடு பேட்டி முடிந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓட்டுகிறோம். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைப் பேப்பர்காரரே என்பார். என் சைக்கிளுக்கு அவர் வைத்த பெயர் தண்டவாளம்.

போன வருடம் மழைக்காலத்தில், ஜவ்வாது மலையிலிருந்து அமிர்திப் பக்கம் இறங்கும்போது அவர் விழுந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஈர இலைகள் கிடந்தன. முன் பிரேக்கைப் பிடித்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவருடைய பழைய சைக்கிளை வீட்டில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவர் கையைக் கட்டித் தொங்கவிட்டபடியே கட்டிலில் கிடந்து புது கார்பன் சைக்கிளை வரவழைத்துவிட்டார். கறுப்பு நிறம், ஒரு விரலால் தூக்கிவிடலாம். வீட்டில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவருடைய மனைவி கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விழுந்த அதே வளைவை அவர் ஒரு முறை ஒழுங்காக இறங்கட்டும். முடிந்தால் இனி எங்கே வேண்டுமானாலும் ஓட்டட்டும். முடியாவிட்டால், அல்லது மறுபடி அடிபட்டால், சைக்கிள் வீட்டில் இருக்காது. பிறகு அந்த அம்மா எனக்கு போன் செய்தார்.

"அண்ணா, அவரு சொல்றத கேக்காதீங்க. வண்டிய நீங்க பாத்து, சரின்னு பட்டாதான் எறங்க உடணும்."

நான் ஒப்புக்கொண்டேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தை வரை அந்தச் சாலையில் இலை காயாது. அதனால் மழைக்கு முன்பே ஒரு ஞாயிறைக் குறித்தோம்.

அவருக்கு ஏறுவதில் எந்தப் பயமும் இல்லை. இறங்குவதற்காக மட்டும் போகிறோம் என்பதால் சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவானது. எங்கள் ஊரிலிருந்து மலை மேல் கடைகளுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. ஓட்டுநர் மலைக்காரர், அந்தச் சாலையிலேயே வளர்ந்தவர். வெங்காய மூட்டைகளுக்கு மேல் இரண்டு சைக்கிள்களையும் படுக்கவைத்தார். மலைச்சாலைக்கு அவர் கட்டும் முறை வேறு. கயிற்றைப் பொருளின் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் ஒரு குச்சியைச் செருகித் திருகுவார். ஒவ்வொரு திருகலுக்கும் கயிறு இறுகும். குச்சி நகராமல் அதையும் ஒரு கட்டுக் கட்டிவிடுவார். அவர் ஏற்றிய பொருள் ஒன்றுகூட வழியில் விழுந்ததில்லை.

நண்பர் பக்கத்தில் நின்றுகொண்டு, கறுப்பு வண்டி ரொம்ப விலை, பார்த்துக் கட்டு என்றார்.

"இன்னா பாய், நான் பாத்துக்க மாட்டனா? லூசா இருந்தாதான் வளைவுல பறந்துடுங்க" என்று ஓட்டுநர் சிரித்தார். விலை உயர்ந்தது என்பதற்காகக் கறுப்பு சைக்கிளின் கட்டில் மட்டும் கூடுதலாக ஒரு திருகு திருகினார்.

மலை மேலே போய்ச் சேர்ந்ததும் கட்டை அவிழ்த்தோம். என் சைக்கிளைப் பார்த்து ஓட்டுநர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கயிறு உரசிய இடத்தில், பாரின் மேல், விரல் அகலத்துக்குப் பச்சை பெயின்ட் உரிந்து வெள்ளை இரும்பு பளபளத்தது. நண்பரின் சைக்கிளில் ஒன்றுமில்லை. பார் பளிங்கு மாதிரி இருந்தது.

"தண்டவாளத்துக்கே அடிபட்டுச்சே பேப்பர்காரரே" என்றார் நண்பர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் அதைக் கேலியாக மட்டுமே அவரால் சொல்ல முடியும்.

நான் என் சைக்கிளைப் பார்க்கவில்லை. அதற்கு என்ன ஆனது என்பது வெளியிலேயே எழுதியிருந்தது. அவருடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பாரின் அடிப்பக்கத்தில் கயிறு அழுத்தியிருக்க வேண்டிய இடத்தைத் தேடினேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது ஒரு கோடு தெரிந்தது, தலைமயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது போல. துடைத்தேன். போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். கொடுத்தது. மிகக் கொஞ்சம்தான், ஆனால் கொடுத்தது.

கார்பன் என்பது துணி மாதிரி இழைகளை அடுக்கிப் பசையில் இறுக்கிச் செய்வது. எந்தப் பக்கமாக விசை வரும் என்று கணக்கிட்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் பலம் வைப்பார்கள். மேலே ஒரு ஆளை உட்காரவைத்து மலையில் ஓட்டினால் தாங்கும். பக்கவாட்டில் கயிற்றைப் போட்டு நெரிப்பார்கள் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. மெலிந்த சுவர் உள்ளுக்குள் நொறுங்கும்; வெளியே பூச்சு அப்படியே இருக்கும். எனக்குக் கார்பன் மேல் விரோதமில்லை. அதன் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். அதைப் போலக் குலுக்கலை விழுங்கும் பொருள் குறைவு. ஆனால் எனக்கு ஒரு பொருளிடம் வேண்டியது இதமல்ல, தகவல். தனக்கு நேர்ந்ததை அது வெளியே சொல்ல வேண்டும்.

நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. பெயின்ட்டில் விழுந்த கோடு, வேறொன்றுமில்லை என்றார். வண்டி புதுசு என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு பிக்கப்பில் உட்கார்ந்துகொண்டு இறங்கிப் போனால் வீட்டில் பேச்சே அவ்வளவுதான் என்றார். அது உண்மை. ஓட்டுநரும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொன்னார். தான் கட்டிய கட்டில் ஒரு பொருள் உடையும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, சீட்டுக்கு அருகிலிருந்து பாரின் மேல் தட்டிக்கொண்டே வந்தேன். டக், டக் என்று காய்ந்த மூங்கிலைத் தட்டியது போலச் சத்தம். கோடு இருந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. பொத், பொத். ஈரச்சுவரில் தட்டியது போல. தாண்டியதும் மறுபடி டக்.

நண்பர் நாணயத்தை என்னிடமிருந்து வாங்கித் தானே தட்டினார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக இழுத்தார். அவருடைய கிடங்கில் அதே விரலைத் தோலின் மேல் ஓட்டி, இது உண்ணி கடித்த இடம், இது முள் கிழித்த இடம் என்று அவர் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

"பினிஷிங் அடிச்ச தோல, மேல்பக்கம் மட்டும் பாத்து என்னிக்காவது வாங்கிருக்கனா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. "திருப்பி, உள்ள இருக்கற சதப்பக்கம் பாத்துட்டுதான் வெல பேசுவேன். இத எங்க திருப்பறது?"

என் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைவிட உயரம். சீட்டுக் கம்பியின் பூட்டைத் தளர்த்தி இழுத்தேன். கிரீஸில் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தார். பாரில் பெயின்ட் உரிந்த இடத்தைத் தடவினார். நெளிவையும் தழும்பையும் ஏற்கனவே அறிவார்; எத்தனை முறை கேலி செய்திருக்கிறார்.

"வண்டில பின்னாடியே வராதீங்க" என்றார். "முன்னாடி போய்ட்டு கீழ நில்லுங்க. எவனாவது பின்னாடி வந்தா எனக்குக் கை நடுங்கும்."

அதனால் அந்த வளைவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. சரக்கைக் கடைகளில் இறக்கிவிட்டு, காலி வண்டியில் ஓட்டுநரோடு இறங்கினேன். பின்னால் உட்கார்ந்து கார்பன் சைக்கிளை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தேன், இந்த முறை கயிறு இல்லாமல். வளைவைக் கடந்தபோது இலைகள் காய்ந்திருந்தன. விளிம்பில் ஒரு குழி புதிதாக விழுந்திருந்தது. அதை அவரிடம் சொல்ல வழியில்லை.

அமிர்திக்கு அருகே சாலை சமமாகும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். ஓட்டுநர் ஒரு பீடியைப் பற்றவைத்து, அணைத்து, மறுபடி பற்றவைத்தார். ஒரு அரசுப் பேருந்து மேலேயிருந்து வந்தது. வழியில் சைக்கிள்காரர் யாராவது என்று கேட்கக் கையைத் தூக்கினேன். அது நிற்காமல் போய்விட்டது.

பிறகு மணிச் சத்தம் கேட்டது. என் சைக்கிளில் மணி உண்டு. அவர் சைக்கிளில் கிடையாது, எடை கூடும் என்று. குரங்குகளை விரட்டுவதற்காக அடித்துக்கொண்டே வளைவைத் திரும்பினார். முழங்கைகள் தளர்ந்திருந்தன. அதைத்தான் முதலில் பார்த்தேன். பயந்தவனின் முழங்கை பூட்டிக்கொண்டிருக்கும். எங்களைப் பார்த்தார், ஒரு கையைத் தூக்கினார், நிற்காமல் போய்விட்டார்.

"இன்னா சார், நம்மள உட்டுட்டுப் போறாரு?" என்றார் ஓட்டுநர்.

கண்ணமங்கலம் வரை அவர் பின்னால் போக வேண்டியதாயிற்று. கடைத்தெருவில், டீ சொல்வதற்கு முன்பே அவர் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். இறங்கிவிட்டேன் என்று சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. போன் என் கைக்கு வந்தது. வண்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், அதனால்தான் மாற்றிக் கொடுத்தேன் என்று நடந்ததைச் சொன்னேன். "அப்ப இரும்புலயே ஓட்டட்டும்ணா" என்று போனை வைத்துவிட்டார்.

குழியைப் பற்றிக் கேட்டேன். முன்சக்கரம் நேராக அதில்தான் இறங்கியதாம். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒரு முறை முன்னும் பின்னும் அசைந்து நின்றதாம். கைக்கு ஒன்றும் வரவில்லை என்றார். பிரேக் மட்டும் மோசம் என்று சேர்த்துக்கொண்டார். பிரேக் கட்டையை மாற்றுவதாக இருந்தேன். அதையும் அவரே மாற்றிக்கொள்வதாகச் சொல்லி, சைக்கிளை வாணியம்பாடிக்கு எடுத்துப் போய்விட்டார்.

கார்பன் பிரேமை பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார். அதைச் செதுக்கிப் புது இழை வைத்துக் கட்டித் தருபவர்கள் அங்கே உண்டு, நன்றாகவே செய்வார்கள். அது திரும்பி வருவதற்குள் தன் உயரத்துக்கு ஒரு ஸ்டீல் பிரேம் சொல்லிவிட்டார். அது வரும்வரை தண்டவாளம் அவரிடம்தான் இருக்கும்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். பாரில் கயிறு உரசிய இடத்தைச் சுற்றி மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். தையல் நேர்த்தி. எனக்குப் பிடிக்கவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் இரும்பு துருப்பிடிக்கும், எண்ணெய் தடவியிருந்தாலே போதும் என்றேன்.

அவர் உறையின் கொக்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"திருப்பிப் பாருங்க பேப்பர்காரரே."

திருப்பினேன். சதைப்பக்கம் முழுக்க மெழுகு ஏற்றியிருந்தார். பாரைத் துடைத்துப் பார்த்தேன். விரலில் எண்ணெய்தான் வந்தது, துரு வரவில்லை. உறையைத் திரும்ப மாட்டிவிட்டு ஆலங்காயம் சாலையில் கிளம்பினோம். நான் அவருடைய மகனின் சைக்கிளில் பின்னால் போனேன்.