சொந்தம் உண்டா என்ற கேள்வி

லாரி ஓட்டுநர்களின் மூத்திரத்தைப் போதைப்பொருள் சோதனைக்காக வாங்கி, சீல் வைத்து, எழுதி அனுப்புவது என் வேலை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் ‘லேப்பில் இருக்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு முன்பே எழுந்துவிடுவார்.

ஆனால் வேலையில் நான் கறார். சீல் வைக்கும்வரை குப்பி ஓட்டுநரின் கண்ணை விட்டும் என் கண்ணை விட்டும் அகலக் கூடாது. மூடிக்கு மேல் நான் சீல் ஒட்டுவேன், அதில் அவர் தன் கையால் இனிஷியல் போட வேண்டும். அதன்பின் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனாலும் அது எழுத்தில் இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் அத்தனையும் பாழ். “நாங்க பெத்த பிள்ளைய கூட இப்பிடிப் பாத்துக்கிடலம்மா” என்று கிண்டலடிக்கிறவர்கள்கூட, சீலில் எழுதும்போது வாயை மூடிக்கொள்வார்கள். அவரவர் பிழைப்பு அந்தக் குப்பியில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கேள்வி உண்டு. எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் சொந்தமா? ஆமென்றால் எடுப்பவர் எழுந்துவிட வேண்டும், வேறொருவர் எடுப்பார். “இல்ல மக்ளே, இனி வேணும்னா ஆக்கிக்கிடலாம்” என்று ஒரு பெரியவர் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்று காலை களியக்காவிளைப் பக்கம் ஒரு கம்பெனியின் லாரி ஷெட்டுக்குப் போயிருந்தோம். நானும், கூட வேலை பார்க்கும் பெண்ணும். யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் முடிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு என் அண்ணன் வந்தான்.

எங்களுடையது வயலும் கோயிலுமாக இருந்த வீடு. நான் குளச்சலில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசியதில்லை. யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், ‘எனக்குத் தங்கச்சி கிடையாது’ என்று சொல்கிறானாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் என்னிடம் வந்து சொல்வார்கள். வேறு எதைச் சொல்லி அனுப்பினாலும் வழியிலேயே மறந்துவிடும் ஆட்கள்.

அவன் லைசென்ஸை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். மீசை நரைத்துவிட்டது. காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. நான் அவன் கையைத்தான் பார்த்தேன். சின்ன வயதில் திற்பரப்பு அருவியில் நிற்கும்போது என் மணிக்கட்டை நோகப் பிடித்திருந்த கை. “விடுண்ணே, வலிக்கு” என்று கத்தினால், “வலிச்சா வலிக்கட்டு, தண்ணி கொண்டுட்டுப் போயிரும்” என்பான்.

கேள்வியைக் கேட்க வேண்டும். அவன் ‘இல்லை’ என்றால் கால்மணி நேரம் என் எதிரே இருப்பான். சீல் வைக்கும்வரை எழுந்து போகவும் முடியாது. எனக்கு அந்தக் கால்மணி நேரம் வேண்டும்போல இருந்தது. அந்த ‘இல்லை’யை அவன் வாயால் கேட்கவும் பயமாக இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

“எடுக்கிறவங்களுக்கும் உங்களுக்கும் சொந்தம் உண்டா?” என்றேன்.

அவன் காலிக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உண்டு.”

கூட இருந்த பெண் பேனாவை எடுத்தாள். “என்ன சொந்தம்?”

“எனக்கத் தங்கச்சியாக்கும். கூடப்பொறந்தவ.”

நான் எழுந்தேன். விதி அதுதானே. அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் மாறியதையும் மாறிய காரணத்தையும் எழுதத் தொடங்கினாள். வெளியே டயர் அடுக்கியிருந்த இடத்தில் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, அந்தக் கால்மணி நேரம் போன வருத்தத்தில் அழுதேனா என்று கேட்டால், இரண்டிலும்தான்.

முடித்து வந்தவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“காப்பி குடிச்சியா மக்கா?”

“குடிச்சேன்” என்றேன். குடித்திருக்கவில்லை. அவன் தலையாட்டிவிட்டு லாரியைப் பார்த்துப் போனான். ‘இல்லண்ணே, குடிக்கல’ என்று நான் சொல்லியிருந்தால் டீக்கடைக்குக் கூட்டிப் போயிருப்பானோ என்று இன்றைக்கும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. அந்த ஷெட்டுக்கு என்னை அனுப்புவதும் இல்லை. சொந்தம் என்று எழுத்தில் வந்துவிட்டதல்லவா, இனி எப்போதும் அனுப்ப மாட்டார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை அந்த ஷெட்டுக்கு ஆள் போடும்போதும் ஆபீசில் போய், “என்னை ஏன் போடல?” என்று கேட்பேன்.

“அங்க உங்க அண்ணன் இருக்காருல்லா” என்பார்கள்.

அதைக் கேட்பதற்காகத்தான் போகிறேன்.