உள்ளங்காலால் வாங்கிய சப்வூஃபர்

காது போன மனிதருக்குச் சப்வூஃபர் எதற்கு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தக் காது எப்படிப் போயிற்று என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

தெருவில் அவருக்குப் பெயர் பிரஸ்காரர். தகரத்தை அடித்து டப்பா மூடிகளாக வெட்டித் தள்ளும் பிரஸ் இயந்திரத்தின் முன்னால், ஒரு பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறார். அங்கே இரைச்சல் காதின் மேல்பாதியை, அதாவது மெல்லிய உயர்ந்த ஒலிகளை, முதலில் தின்றது. குருவிச் சத்தம் போயிற்று, அழைப்பு மணி போயிற்று, பிறகு மனைவியின் குரலும் தேய்ந்தது. பாட்டென்றால் உயிரை விடுகிறவர் அவர். புல்லாங்குழலும் பெண்குரலும் ஒவ்வொன்றாக வெளிநடப்புச் செய்ய, மிஞ்சியது அடியில் உருளும் கனத்த பேஸ் ஒலி மட்டும். வீட்டிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அதுவும் வரவில்லை. கையைக் கடிக்காத விலையில், நிஜமாகவே ஆழம் உள்ள ஒரு சப்வூஃபர் கிடைக்காவிட்டால் பாட்டு அவருக்கு அவ்வளவுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறை நாளில் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மச்சினன் வேன் ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

"மாமா, இந்த வயசுல டங்கு டங்குன்னு போட்டீங்கன்னா, அக்கா உங்களையும் பெட்டியையும் சேத்து வெளிய வெச்சிடுவா!"

பிரஸ்காரர் சிரித்தார். பாதி கேட்டிருக்கும், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்திருப்பார்.

கடைக்காரர் அவர்களை நேராக நீல விளக்கு மின்னும் பெட்டியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அட்டையில் வாட்ஸ் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருந்தது. தேர்தல் வாக்குறுதிக்கு உள்ள நாணயம்தான் அந்த எண்ணுக்கும்.

"முதல்ல சின்ன ஸ்பீக்கரை மட்டும் கேளுங்கண்ணே. அப்புறம் சப்வூஃபரைச் சேத்து விடறேன், வித்தியாசம் தெரியும்" என்று ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டார்.

பிரஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சற்றுப் பொறுத்து, "போடுங்க தம்பி, பாத்துருவோம்" என்றார்.

கடைக்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் மாமாவைப் பார்த்தான். குழல் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு அது கேட்கவே இல்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

சப்வூஃபர் உறுமியதும் பிரஸ்காரர் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, கடைக்குள்ள செருப்போடயே நிக்கலாம்."

"காலுக்கும் கொஞ்சம் கேக்கட்டும் தம்பி."

அது பட்டறைப் பழக்கம். எந்த இயந்திரம் ஒழுங்காக அடிக்கிறது, எது தடுமாறுகிறது என்பதை அங்கே தரையின் அதிர்வை வைத்தே அறிவார்கள். வெறுங்காலை ஊன்றி, உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தார். குழலுக்கு அடியில் பேஸ் கிடார் படிப்படியாக இறங்கும் பாட்டு அது. பெட்டியோ எல்லாப் படிக்கும் ஒரே 'டம்' போட்டது.

"இது எங்க மூணாம் நம்பர் மிஷினாட்டம் இருக்கு. லீவு நாள்ல எதுக்கு எனக்கு அது?"

மூலையில் மினுக்கு எதுவும் இல்லாத பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய மாடல் என்று விலையைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். அதே பாட்டு அதில் இறங்கியது, இன்னும் இறங்கியது, ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் காலுக்குத் தெரிந்தது. பாட்டு நின்றபோது தரையும் நின்றது.

"இதைக் கட்டுங்க" என்றார்.

பெட்டியை ஏற்றியதும், வேனைக் கிளப்பாமல் மச்சினன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"காது எப்ப இருந்து இப்படி மாமா?"

"அது ஆச்சு, பல வருஷம்."

"பட்டறையில காதை அடைக்க ஒண்ணும் குடுக்கலையா?"

"குடுத்தாங்களே, பஞ்சு. அதை அடைச்சா, வெட்டுற அச்சு திடீர்னு தானா இறங்கப் பாக்கறப்ப வர்ற கீச்சுச் சத்தம் கேக்காது. அது கேக்கலைன்னா கைய எப்ப இழுக்கறது? காதா விரலான்னு பாத்தோம். எல்லாரும் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுட்டோம்."

"இப்ப அந்தக் கீச்சு கேக்குதா?"

பிரஸ்காரர் தன் பத்து விரல்களையும் பார்த்தார். "இல்ல. பக்கத்து மிஷின்காரன் கைய ஆட்டுவான்."

"மொதலாளிகிட்டச் சொல்லலாம்ல?"

"சொன்னா, காது கேக்காதவனை மிஷின்ல நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் பேசுவார் மாப்ள. அந்த ஒரு சட்டம் மட்டும் அவருக்கு மனப்பாடம்."

வயதானால் இப்படித்தான் என்று முதலாளி சொல்வார். தலையெழுத்து என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இரண்டும் பொய். கை உள்ளே இருந்தால் அடிக்காத தடுப்பு ஒன்றை அந்த இயந்திரத்தில் பொருத்தியிருந்தால், விரலுக்காகக் காதை யாரும் பணயம் வைத்திருக்க மாட்டார்கள். நல்ல காதுக்கவசம் மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்திருப்பார்கள். தடுப்பு வைத்தால் மூடிகள் கொஞ்சம் மெதுவாக விழும். அந்தக் கொஞ்சம் குறைந்துவிடக் கூடாதென்றுதான் இத்தனையும்.

வீட்டில் பெட்டியை இணைத்ததும் பிரஸ்காரர் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார். பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டார். வேலைக் களைப்பு அப்படி.

"இப்படியா அதிர வைக்கிறது? அணைச்சுடவா?" என்று அக்கா கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா" என்றான் தம்பி. "நாளைக்கு நான் பட்டறைக்குப் போறேன். அந்த மிஷினுக்குத் தடுப்பு போடச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"நீ ஒருத்தன் போய்க் கேட்டா உடனே போட்டுருவாங்களாக்கும்."

அவள் சொல்வது சரிதான், ஒருவன் போதாது. உங்கள் தெருவிலும் ஒரு பட்டறை இருக்கும். அங்கே உங்கள் அண்ணனோ மாமாவோ நிற்கலாம். தடுப்பு இருக்கிறதா, காதைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்று அவரிடம் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால், அவரைத் தனியே அனுப்பாமல் நாலு பேராகப் போய் முதலாளியிடமும் கேளுங்கள்.